இருபதாவது கத்தியும் ஓர் எலுமிச்சம்பழமும்

நாமக்கல் பக்கம் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஆஞ்சநேயரைப் பார்க்கவா, முட்டைப் பண்ணைக்கா என்றுதான். நான் போனது கத்தி வாங்க. இதைச் சொன்னதும் ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைக்காரி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. அலகைப் பிடிக்குள் மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சின்ன மடக்குக் கத்தி. நம் அப்பாக்கள் பேனாக்கத்தி என்று சொன்னார்களே, அந்த ஜாதி.

நான் சென்னையில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். மற்ற டீச்சர்கள் சேலை சேர்க்கிறார்கள், நான் மடக்குக் கத்தி சேர்க்கிறேன். என்னைப் போன்ற கிறுக்குகள் இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அதில் 'முதல் பார்வை' என்று ஒரு வழக்கம் உண்டு. புதுக் கத்தி கைக்கு வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போட வேண்டும். திறக்கும்போது இழுப்பு எப்படி, மூடும்போது சத்தம் எப்படி, அலகு சரியாக நடுவில் உட்காருகிறதா, பிடியில் இடுக்கு தெரிகிறதா என்று எழுத வேண்டும். விரல் ரேகை பட்டால்கூட அலகு கெட்டுவிடும் என்று கையுறை போட்டுக்கொள்கிறவர்கள் பாதிப் பேர். ஒருமுறை ஒரு உறுப்பினர் தன் மகள் பிறந்தநாள் கேக்கைப் புதுக் கத்தியால் வெட்டிவிட்டார் என்று தெரிந்ததும், பல நாள் யாரும் அவரோடு பேசவில்லை. சிரிக்காதீர்கள், நானும்தான் பேசவில்லை.

இந்தக் கத்தியை நான் முதலில் பார்த்தது பெருங்களத்தூர் டீக்கடை ஓரத்தில். ஒரு லாரி கிளீனர் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். நுனி கூராக இல்லாமல் மொண்ணையாக, வளைந்து இறங்கிய அலகு. எங்கே வாங்கினது என்று கேட்டேன். "ராசிபுரத்துக்கு அக்கட்ட ஒரு ஸ்பிரிங் பட்டறைங்கக்கா. தங்கவேலுன்னு ஒருத்தரு. எங்க லைன்ல பாதிப்பேருகிட்ட இந்தக் கத்திதானுங்க" என்று சொல்லி நம்பரும் கொடுத்தார். லாரி டிரைவர்களும் கிளீனர்களும் பல காலமாக வைத்திருக்கிற மாதிரிதான் அது. அதையே இன்னும் நுணுக்கமாக, கண்ணாடி போல மெருகேற்றி, புளியமரக் கட்டைப் பிடி போட்டுச் செய்ய முடியுமா என்று தங்கவேலிடம் கேட்டேன். வீடியோ காலில் மூன்று மாதம் பேசிப் பேசி ஒரு வடிவம் வந்தது. குழுவில் ஆளுக்கு ஒன்று, மொத்தம் இருபது. ஒரு கத்தி 1,850 ரூபாய். ஆளைத் தெரியும், வேலையைத் தெரியும், நான் பொறுப்பு என்று குழுவில் வாய்விட்டுச் சொன்னவள் நான்.

எதிர்த்தவர் ஒரே ஆள், கோயம்புத்தூர் சேவியர் அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்க்கிறார், எங்கள் குழுவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. "போட்டோல எல்லாக் கத்தியும் நல்லாத்தானுங்க இருக்கும் டீச்சர். பார்சல் கட்டறதுக்கு முன்னால நேர்ல பாத்தரலாம்" என்றார். சரி, வாங்க பார்க்கலாம் என்றேன். இப்படித்தான் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பயணம் முடிவானது.

சென்னை சென்ட்ரலில் இருந்து சேலத்துக்கு ஸ்லீப்பர் 235 ரூபாய். காலை ஐந்தேகாலுக்கு வண்டி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், ஊரின் மேற்கு ஓரம். புது பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர்கள் இருநூறு என்பார்கள், காதில் வாங்காதீர்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ரயில்வே குவார்ட்டர்ஸ் ரோட்டில் காலை ஐந்தரைக்கே இட்லிக்கடை திறந்துவிடுகிறது. நான்கு இட்லி, ஒரு டீ, 52 ரூபாய். அந்தத் தேங்காய்ச் சட்னிக்காகவே இன்னொரு முறை போகலாம். பிறகு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஐந்து கிலோமீட்டரை மகாராணி மாதிரி ஓசியில் கடந்தேன்.

சேவியர் அண்ணன் எட்டு மணிக்குக் கோவை பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, சின்னத் தராசு, அளவுகோல், எல்லாம் ஒரு டிபன் பையில். ஆபரேஷன் பண்ண வந்த டாக்டரைப் போல இருந்தார்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதி வண்டிகள் ராசிபுரத்துக்குள் நுழையாமல் பைபாஸிலேயே பறந்துவிடும். நான் ஏறி உட்கார்ந்த முதல் வண்டியின் கண்டக்டர், "பைபாஸ்ங்க இது. ராசிபுரம் உள்ள போகோணும்னா பின்னால நிக்கற வண்டிங்க, எறங்கிக்குங்க சாமி" என்று அன்பாக இறக்கிவிட்டார். பின்னால் நின்ற வண்டியில் 30 ரூபாய், 28 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் தங்கவேல் தன் பழைய ஆம்னி வேனோடு நின்றார். வயது முப்பத்தெட்டு இருக்கும். வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க, வெயில் ஏறங்காட்டி போயரலாமுங்க" என்று எங்கள் பைகளை வாங்கிப் பின்னால் போட்டார். அங்கிருந்து நாமக்கல் திசையில் பதினான்கு கிலோமீட்டர். வழி நெடுக லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், பெயின்ட் அடித்துக் காயும் லாரிகள், நடுநடுவே கோழிப் பண்ணைகள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லை என்பதை நான் வேனில்தான் பார்த்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. தகரக் கூரை, மூலையில் ஆள் உயரத்துக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள், ஒரு கரி உலை, தீட்டுவதற்கு ஒரு பெல்ட் மிஷின். ஒடிந்துபோன லாரி ஸ்பிரிங்குகளை மாற்றிக் கொடுப்பதுதான் தங்கவேலின் தொழில். நடு ரோட்டில் லாரி படுத்துவிட்டால் எந்த நேரமானாலும் ஓட வேண்டிய வேலை. எங்கள் இருபது கத்தி குழுவுக்குப் பிடித்துவிட்டால், கத்தியையே முழுத் தொழிலாக எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதைப் போனிலேயே சொல்லியிருந்தார்.

ஒரு மஞ்சள் துணியில் சுற்றி ஒரே ஒரு கத்தியை எடுத்து வந்து பெஞ்சின் மேல் வைத்தார். "இது இருபதாவதுங்க. நேத்துத்தான் முடிச்சேன். மத்ததெல்லாம் உள்ள பூங்கொடிகிட்ட இருக்குதுங்க" என்றார். பூங்கொடி அவர் மனைவி.

சேவியர் அண்ணன் கையுறையை மாட்டினார். நானும் என் நோட்டைத் திறந்தேன். இனி வருவது எங்கள் பாஷையிலான முதல் பார்வை, கத்திப் பித்து இல்லாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

மடக்கிய நிலையில் ஒன்பதரை செ.மீ. அலகு மட்டும் ஏழு. எடை 82 கிராம், சட்டைப் பையைக் கீழே இழுக்காத எடை. அலகும் முதுகு ஸ்பிரிங்கும் ஒரே லாரிப் பட்டையில் வெட்டியவை. நகத்தை வைத்து இழுக்க ஒரு பள்ளம், அது ஆழமாகவும் சரியான இடத்திலும் இருக்கிறது. இழுப்பு பத்துக்கு ஆறு, அதாவது நகம் பெயராது, தானாகவும் திறக்காது. பாதி வழியில் ஒரு நொடி நின்று, பிறகு டக் என்று உட்காருகிறது. மூடும்போதும் அதே டக். நுனி மொண்ணையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: கயிற்றை அறுக்கும்போது கீழே இருக்கிற தார்ப்பாயைக் குத்திவிடக் கூடாது. புளியமரப் பிடி கறுஞ்சிவப்பு. பித்தளை ஆணிகளின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கே மரம் முடிகிறது, எங்கே பித்தளை தொடங்குகிறது என்று தெரியவில்லை. அலகின் அடியில் 'த' என்று ஒற்றை எழுத்து முத்திரை. குறை என்றால் இரண்டு. பிடியின் பின் மூலை உள்ளங்கையில் லேசாக உறுத்துகிறது. மூடியபின் அலகு ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்கிறது. மெருகு மட்டும் அப்படி ஒரு மெருகு, சேவியர் அண்ணன் அதில் தன் மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

பூதக்கண்ணாடி வழியாக அவர் பத்து நிமிடம் பார்த்தார். தங்கவேல் மூச்சு விடவில்லை, நானும்தான். கடைசியில் கத்தியை மெதுவாக மூடி வைத்துவிட்டு, "எட்டரைங்க" என்றார். பத்துக்கு எட்டரை! இந்த மனுஷன் ஜெர்மனிக் கத்திக்கே ஏழு கொடுத்தவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாண்ணா, நான் சொன்னேன்ல?" என்று கொஞ்சம் அதிகமாகவே குதித்துவிட்டேன்.

அப்போதுதான் உள்ளே இருந்து குரல் வந்தது. "ஏனுங்க, ராகு காலம் முடிஞ்சுருச்சு. அவுங்களைக் கூட்டிக்கிட்டு அந்தக் கத்தியையும் எடுத்தாங்க!"

வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்திருந்தது. அதன் மேல் பத்தொன்பது கத்திகள், எல்லாம் திறந்தபடி வரிசையாக. ஒவ்வொரு கத்திக்குப் பக்கத்திலும் இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். விடியற்காலையிலேயே அறுத்திருக்கிறார்கள். அறுத்த சாற்றைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நான் எலுமிச்சையில் என்ன அமிலம் இருக்கிறது என்று பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். துருப்பிடிக்காத எஃகு என்றால் பரவாயில்லை. லாரிப் பட்டை அப்படி இல்லை, சாறு பட்ட இடம் உடனே கறுக்கும். பத்தொன்பது அலகிலும் கருநீலமும் சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்து உலர்ந்திருந்தது. அந்த மெருகு போயே போய்விட்டது. சேவியர் அண்ணன் "ஏசுவே!" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்தார்.

பூங்கொடிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மஞ்சள் பூசிய முகம், ஈரத் தலை, குளித்து முழுகிக் காத்திருந்திருக்கிறார். இருபதாவது கத்தியைத் தங்கவேலிடமிருந்து கைக்குக் கை வாங்காமல், இலையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். ஒரு முழு எலுமிச்சம்பழத்தோடு என் முன்னால் வைத்தார். "கடைசி ஒண்ணு ஒறம்பரைக் கையால அறுக்கோணும்னு எடுத்து வெச்சேனுங்க. அறுங்க சாமி" என்றார்.

உறவினர் என்று என்னை மதித்துக் கொடுத்த கத்தி. நான் அதைப் பழத்தின் மேல் வைத்தேன். கை இறங்க மறுத்தது. எட்டரை மதிப்பெண் வாங்கிய அந்த அலகு, உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சுத்தமான அலகு, எலுமிச்சைத் தோலின் மேல் நிற்கிறது.

"டீச்சர், வேண்டாமுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் அண்ணன்.

பூங்கொடியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. என்ன தப்பாயிற்று என்று கேட்டார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்களைப் போல் சேகரிக்கிறவர்களுக்கு அலகில் கறை இருக்கக் கூடாது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

தங்கவேலுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "கறைதானுங்களா? எங்க கிளீனர் பசங்க வாங்கினதும் கயித்த அறுத்துப்போட்டு, அதுலயே மாங்காயும் நறுக்கித் திம்பானுங்க. கறைய யாருங்க பாக்கறா! பிரச்சினையே இல்ல, பாலிஷ் சக்கரத்துல காட்டினா அரை மணி நேரத்துல எல்லாம் போயிருமுங்க" என்று எழுந்தார்.

"பாலிஷ் போட்டா?" என்றார் பூங்கொடி.

"போட்டா புதுசாட்டம் ஆயிரும்."

"புதுசு ஆயிருச்சுன்னா மறுக்கா எலுமிச்சம்பழம் அறுக்கோணுமுங்க."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. தங்கவேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பூங்கொடிதான் சொன்னார். தை மாதத்தில் தங்கவேல் எங்களுக்காக முதல் மாதிரிக் கத்தியைச் செய்து முடித்தாராம். புதுசாகச் செய்த இரும்பு, ஒரு எலுமிச்சம்பழமாவது அறுத்துவிட்டு எடுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் பார்க்கலாம் என்று அவர் மறுநாளும் அதை மிஷினில் பிடித்திருக்கிறார். பெல்ட் கத்தியை இழுத்துத் திருப்பியதில் விரல் நுனி போய்விட்டது.

"ரத்தத்தோட துணியச் சுத்திக்கிட்டு இவரு பின்னால உக்காந்திருக்காரு, நாந்தானுங்க வண்டி ஓட்டிக்கிட்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வந்து ஒரே பேச்சுத்தான் பேசினேன். கத்தி பண்ணுங்க, நான் வேண்டாங்கல. அறுக்காத கத்தி இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. சரின்னு என் தலைல கைய வெச்சுச் சொன்னாருங்க." பேசும்போது அவர் கண் கணவருடைய அந்த விரலிலேயே இருந்தது.

தங்கவேல் தலையைச் சொறிந்தார். "எனக்கு இதுல பெருசா நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா சொன்னது சொன்னதுதானுங்களே" என்றார்.

எனக்கும் நம்பிக்கை கிடையாது. விரலை எடுத்தது பெல்ட், பழம் அறுக்காத குறை இல்லை. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதே எனக்கு, "பெல்ட்டுக்கு முன்னால் ஒரு தடுப்பு போட்டால் போதுமே" என்று சொல்லியும்விட்டேன். "அதையும் போட்டாச்சுங்க. ரெண்டும் இருக்கட்டுமுங்களே" என்றார் பூங்கொடி.

ஆக நிலைமை இது. பத்தொன்பது கறைக் கத்திகள். குழுவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். மனைவிக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். நடுவில் சேவியர் அண்ணன் மெதுவாக அந்த இருபதாவதை எடுத்துத் கையுறை போட்ட கைக்குள் வைத்துக்கொண்டு, "இதை மட்டும் எனக்கு இப்பிடியே குடுத்தருங்கம்மா. எங்க ஊட்டுல போயி அறுத்துக்கறனுங்க" என்றார்.

பூங்கொடி கணவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். "அறுக்கற வரைக்கும் அது எங்க கத்திதானுங்க. உங்க ஊட்டுல உங்க கையாலயே அறுத்து, எனக்குப் போட்டோ அனுப்போணும். வாக்குக் குடுங்கண்ணா" என்றார்.

"நாளைக்கே அறுத்தர்றேன்மா."

அந்த முழு எலுமிச்சம்பழத்தையும் கத்தியையும் சேர்த்து செய்தித்தாளில் மடித்துக் கட்டிக் கொடுத்தார். அண்ணன் அறுக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அறுத்திருக்க மாட்டேன்.

மதியம் அரிசிப் பருப்பு சாதமும், மேலே ஒரு கரண்டி ராசிபுரம் நெய்யும். முகம் வாடியிருந்தாலும் பூங்கொடி பரிமாறியதில் குறை இல்லை. "இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்குங்க சாமி, ஊரு போய்ச் சேர எச்சு நேரம் ஆகுமில்ல" என்று மூன்று முறை போட்டார். சாப்பிட்டு முடித்து முற்றத்து வெளிச்சத்தில் பத்தொன்பது கத்திகளையும் படம் எடுத்தேன். கறை நன்றாகத் தெரியும்படிதான் எடுத்தேன். என் பங்குக்கு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன், மற்றவை பார்சலில் போகும். இரண்டரை மணிக்குத் தங்கவேல் ராசிபுரத்தில் கொண்டுவந்து விட்டார். "என்ன சொல்றாங்கன்னு ஒரு போன் போடுங்க. வேண்டாம்னாலும் பரவால்லைங்க, சொல்லிப்போடுங்க" என்றார். வேனைத் திருப்பும்போது அவர் முகத்தில் அந்தக் காலைச் சிரிப்பு இல்லை.

பஸ்ஸிலிருந்தே குழுவில் முதல் பார்வையைப் போட்டேன். அளவு, எடை, இழுப்பு, சத்தம், இரண்டு குறை, எல்லாம் எழுதினேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'அலகில் எலுமிச்சைக் கறை உண்டு. செய்தவரின் வீட்டில் அறுக்காமல் கத்தியை வெளியே விடுவதில்லை. காரணத்தைப் போனில் கேளுங்கள், சொல்கிறேன். இந்தக் கறையோடுதான் வரும். வேண்டாதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.'

சேலம் வருவதற்குள் ஒரு போரே நடந்து முடிந்தது. இதுதான் உன் பொறுப்பா என்று ஒருவர். கறை தானாகப் பட வேண்டியது, வலிய ஏற்படுத்தக் கூடாது என்று ஒருவர். ஓசூர்க்காரர் ஒருவர் தனக்கு நீலம் அதிகமாக இருப்பது வேண்டும், மஞ்சள் வேண்டாம் என்று பொறுக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் பொறுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் விலகினார்கள், அந்த இரண்டையும் அந்த ஓசூர்க்காரரே கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை நேரமும் சேவியர் அண்ணன் என் பக்கத்து சீட்டில் செய்தித்தாள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தீர்ப்புச் சொல்கிற ஆள், வாயே திறக்கவில்லை. தன் முதல் பார்வையை மட்டும் எழுதி எட்டரை போட்டு, கறை இல்லாத படத்தோடு அனுப்பினார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த கடலை மிட்டாயை வாங்கவில்லை.

நீங்களும் இந்தப் பக்கம் போவதாக இருந்தால் சில விஷயங்கள். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ராசிபுரம் உள்ளே போகும் பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள். ராசிபுரத்தில் நெய் வாங்காமல் திரும்பாதீர்கள், நான் வாங்கியது அரைக் கிலோ 420 ரூபாய். ஜூனில் போனால் சேலம் புது பஸ் ஸ்டாண்டு வாசலில் மாம்பழம் கூடையோடு கிடைக்கும், பேரம் பேசலாம். பட்டு பார்க்க ஆசை என்றால் இளம்பிள்ளைக்கு ஒரு முழு நாள் தனியாக ஒதுக்குங்கள், கத்தியோடு சேர்த்து முடியாது. கத்தி வாங்கினால் பெட்டியின் அடியில் மடக்கி, துணி சுற்றி வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. சென்னை மெட்ரோ ஸ்டேஷனில் பையைச் சோதிப்பார்கள், நான் சென்ட்ரலில் இறங்கி மாநகரப் பேருந்தில்தான் வீட்டுக்குப் போனேன். அலகில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு போதும், துரு வராது. பட்டறைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள், அவர் ரோட்டில் எங்காவது லாரிக்கு அடியில் படுத்திருப்பார்.

இதுவரை எழுதி இரண்டு வாரம் வெளியிடாமல் வைத்திருந்தேன். அதற்குக் காரணம் பூங்கொடியின் போன்.

"சாமி, அந்த அண்ணன் நீங்க சொன்னாக் கேப்பாருங்களா?" என்று ஆரம்பித்தார். அறுத்தாச்சா என்று அண்ணனைத் தினமும் கேட்டாராம். அறுத்துட்டேன்மா என்றாராம் முதல் நாள். போட்டோ எங்கேங்க என்றால் போனில் சார்ஜ் இல்லை என்றாராம். பிறகு போனையே எடுப்பதில்லை. "உங்க ஆளுங்க எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாங்கன்னு இவரு அடுத்து நூறு கத்திக்குப் பட்டை வெட்டிட்டாருங்க. பகலெல்லாம் மிசினு ஓடுது. நான் சோத்த வடிச்சுப்போட்டு பட்டறை வாசல்லயே நிக்கறேன். இவரு திட்டறாரு. எனக்கு அந்த ஒண்ணு எங்கியோ அறுக்காம கெடக்குதேன்னு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. பைத்தியக்காரின்னு நெனைக்காதீங்க சாமி" என்றார்.

உடனே சேவியர் அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று முழுதும் எழுத முடியாது, வயதில் பெரியவர்.

"டீச்சர், அது ஒண்ணுதானுங்க சுத்தமா இருக்குது. நீங்களும் சேக்கறவங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்குறேன். அறுக்குற வரைக்கும் அது அவங்க கத்தின்னு அவங்க சொன்னாங்க, நீங்க சரின்னீங்க. அப்ப உங்க கண்ணாடிப் பெட்டியில இருக்குறது யாரோட கத்திண்ணா?"

போனை வைத்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கம் இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அழுகையாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டுச் சமையல் மேடை, இரண்டாக அறுத்த எலுமிச்சம்பழம், சாறு சொட்டும் அலகு. கையுறை இல்லாத கை. பூங்கொடி கட்டிக் கொடுத்த பழம் காய்ந்து கல்லாகிவிட்டதாம், மாதா கோயிலிலிருந்து வரும் வழியில் மார்க்கெட்டில் புதிதாக ஒன்று வாங்கினாராம். சாற்றைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார். பூங்கொடிக்கு முதலில் அனுப்பிவிட்டுத்தான் குழுவில் போட்டிருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி: 'என் முதல் பார்வையில் எழுத விட்டுப்போனது: நன்றாக அறுக்கிறது.'

நான் குழுவில் மேலே தள்ளித் தள்ளி எல்லாருடைய முதல் பார்வையையும் படித்தேன். இழுப்பு இருந்தது, சத்தம் இருந்தது, ஆணி இருந்தது, கறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. இந்தக் கத்தி அறுக்குமா என்று ஒருத்தரும் எழுதவில்லை. நானும்தான்.

சாயங்காலம் பூங்கொடியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இருவதும் ஆயிருச்சுங்க சாமி. மத்தியானம் இவரு பாட்டுக்கு மிசினுல நின்னாரு. நான் படுத்துத் தூங்கிட்டேனுங்க."